மஞ்சள் விளக்கும் ஓ2 சென்சாரும்: தாம்பரம் பக்கத்து கார்களை முன்வைத்து

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலும் முடிச்சூர் சாலையிலும், வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் வரைக்கும் உள்ள கார் ஷெட்டுகளில் இப்போது ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனரும் இருக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிற கார் உள்ளே வந்ததும் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் அதைச் செருகுகிறார்கள். ஒரு எரர் கோட் வருகிறது. "ஓ2 சென்சார் போய்டுச்சு சார், மாத்திடலாம்" என்ற தீர்ப்பும் கையோடு வருகிறது. சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது, விளக்கும் அணைகிறது. கோடை அழித்தாலே விளக்கு அணைந்துவிடும் என்பதால் அது அணைந்ததற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. அடுத்த வாரம் அதே விளக்கு திரும்பவும் எரியும்போதுதான் பேச்சுவார்த்தை சூடாகிறது.

இந்தச் சென்சார் கெட்டுப்போவது உண்மை. கெடாத சென்சார்களைக் கழற்றி எறிவதும் அதே அளவுக்கு உண்மை. கோட் என்பது காரின் கம்ப்யூட்டர் என்ன கண்டது என்பதற்கான குறிப்பு மட்டுமே. எந்தப் பொருள் பழுது என்று அது சொல்வதில்லை. சென்சார் கெட்டது என்று சொல்ல ஒரே நேர்மையான வழி, இன்ஜினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையை நாமே மாற்றிப் பார்த்து, சென்சார் அதைப் பின்தொடர்கிறதா என்று சோதிப்பதுதான். மற்ற முறைகள் எல்லாம் இதற்கு முன்னும் பின்னும் உதவிக்கு வருபவை. அவை ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று பார்ப்போம்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. சென்சாரின் வயது நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரு தடுப்பின் இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் எவ்வளவு எழும் என்று கணக்கிடும் சமன்பாட்டை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889 இல் தந்தார். இன்றைய சென்சாரில் உள்ள சிர்கோனியா பீங்கானை வைத்து ஒரு விளக்கையும் அவர் செய்தார். அந்த விளக்கு வழக்கொழிந்தது. பீங்கான் மட்டும் 1976 இல் சைலன்சர் குழாய்க்குள் வந்து உட்கார்ந்தது. போஷ் நிறுவனம் செய்த சென்சாரை வோல்வோ கலிஃபோர்னியா சந்தைக்கான கார்களில் முதலில் பொருத்தியது. முன்கிரில்லில் கிரேக்க எழுத்தான லாம்டாவைப் பதித்துப் பெருமையடித்துக்கொண்டதும் அதே வோல்வோதான்.

நம் ஊருக்கு அது வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1995 ஏப்ரலில் மதராஸ் உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. ஆனால் கார்புரேட்டர் வண்டியில் அந்தக் கன்வெர்ட்டருக்கு வழிகாட்ட யாருமில்லை. 1998 இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், 1999 இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் வெளிவந்த காலத்தில்தான் இன்ஜெக்‌ஷன் கார்கள் நம் தெருக்களில் பெருகின. சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 2 விதி 2001 இல் வந்தது, 4 ஆம் கட்டம் 2010 இல். கார் தன் பழுதைத் தானே கண்டு விளக்கெரிக்க வேண்டும் என்ற ஓ.பி.டி. விதி அதோடு சேர்ந்து வந்து 2013 இல் இறுகியது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 6 ஆம் கட்டம்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949 இல் தொடங்கியபோது வைத்த நான்கு பாடப்பிரிவுகளில் ஆட்டோமொபைலும் இன்ஸ்ட்ருமென்டேஷனும் இருந்தன. அந்த இரண்டும் காருக்குள் சந்திக்கும் இடம் எது என்று என்னைக் கேட்டால், இந்த 18 மில்லிமீட்டர் மரையுள்ள சென்சார்தான் என்பேன்.

சென்சாரின் பீங்கான் குழலுக்கு வெளியே புகை, உள்ளே வெளிக்காற்று. பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால் இந்த இரண்டுக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் வோல்ட்டாக மாறும். பெட்ரோல் மிகுந்து புகையில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் சுமார் 0.9 வோல்ட், காற்று மிகுந்து ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட். ஷெட் பேச்சில் முன்னது ரிச், பின்னது லீன். நடுவில் 0.45 பக்கம் மதில். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையில் அது மதிலைத் தாண்டும். கம்ப்யூட்டர் கலவையை வேண்டுமென்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருக்கும்; அந்த ஆட்டத்தில்தான் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே ஆரோக்கியமான முன் சென்சாரின், அதாவது கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ளதன், வோல்ட் ஓரிடத்தில் நிற்காது.

இனி கோடுகள். ஓ2 சென்சார் மேல் பழி போடும் கோடுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பி0135, பி0141 ஆகியவை ஹீட்டர் சர்க்யூட் பற்றியவை. இதில் சந்தேகம் சென்சாரின் உள்ளே உள்ள ஹீட்டர், அதன் பியூஸ், வயர் என்ற சின்ன வட்டத்துக்குள் நின்றுவிடும். பி0133 சென்சார் மந்தமாக இருக்கிறது என்கிறது, பி0134 சென்சாரில் அசைவே இல்லை என்கிறது. இவை சென்சாரை நேரடியாகச் சுட்டுபவை. அப்போதும் வயரைப் பார்க்காமல் தீர்ப்பெழுதக் கூடாது. மூன்றாவது வகைதான் பணத்தைத் தின்பது: கலவை லீன் என்னும் பி0171, ரிச் என்னும் பி0172, கன்வெர்ட்டர் திறன் குறைந்தது என்னும் பி0420. இவற்றில் சென்சார் பெரும்பாலும் குற்றவாளி அல்ல, புகார் கொடுத்தவர். புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே தள்ளும் வேலை ஷெட்டுகளில் தினமும் நடக்கிறது.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படிக்க வேண்டும். விளக்கு எரிந்த நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை ஆர்.பி.எம்., என்ன வேகம் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பெருங்களத்தூர் சிக்னலில் ஐடிலில் நின்றபோது எரிந்ததா, வண்டலூர் தாண்டி நூறில் போகும்போது எரிந்ததா என்பது இரண்டு வேறு நோய்களின் அடையாளம். இதைப் படிக்காமல் கோடை அழிப்பது ரசீதைக் கிழித்துவிட்டுக் கணக்குக் கேட்பது போலத்தான்.

அடுத்தது ஃப்யூயல் ட்ரிம். சென்சார் சொல்வதை நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியது, குறைத்தது என்பதன் கணக்கு அது. ஐடிலில் ட்ரிம் ப்ளஸ் இருபதுக்குப் போய், 2,500 ஆர்.பி.எம்.மில் ஐந்துக்கு இறங்கினால் இன்டேக் பக்கம் வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து, மிதித்தால் ஏறினால் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம் அல்லது ஃபில்டர் அடைத்திருக்கலாம். இரண்டிலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. இதோடு ஒரு புதுச் சங்கதி சேர்ந்திருக்கிறது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று சுமார் 13.5 பங்குதான், 10 சதவீதக் கலவைக்கு 14.1. பழைய கலவைக்கு ட்யூன் செய்த வண்டியில் பங்க் பெட்ரோல் மாறியதாலேயே ட்ரிம் நான்கு சதவீதம் போல ஏறி உட்காரும். ஏற்கெனவே சின்னக் கசிவால் எட்டில் இருந்த வண்டி பன்னிரண்டுக்குப் போகும். எந்த எரிபொருளானாலும் சென்சார் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது என்பதால், எத்தனாலால் சென்சார் குழம்பிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சென்சாரை உண்மையிலேயே ஏமாற்றக்கூடியவை இரண்டு. முதலாவது, சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டில் உள்ள கசிவு. புகை அலை அலையாக வெளியேறுகிறது. இரண்டு அலைக்கு நடுவில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து லீன் என்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைலேஜ் சரிகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

இரண்டாவது, மிஸ்ஸிங். பிளக்கோ காயிலோ கெட்டு ஒரு சிலிண்டர் எரியாவிட்டால், எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது. அதோடு எரிக்கப்படாத ஆக்சிஜனும் முழுசாக வருகிறது. சென்சாரின் கண்ணுக்கு ஆக்சிஜன்தான் தெரியும். பின்னால் நின்றால் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும், ஸ்கேனரோ லீன் என்று காட்டும். இந்த முரண்பாட்டைப் பார்த்ததும் "சென்சார் பொய் சொல்லுது" என்று கழற்றுகிறவர்கள் அதிகம். நூற்றுச் சொச்சம் ரூபாய் பிளக்கால் முடிய வேண்டிய வேலை அது.

இதையெல்லாம் விலக்கிய பிறகுதான் சென்சாரைச் சோதிக்கும் உரிமை நமக்கு வருகிறது. செய்முறை எளிது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2,500 ஆர்.பி.எம்.மில் ஓரிரு நிமிடம் பிடிக்க வேண்டும். முன் சென்சாரின் வோல்ட் நொடிக்கு ஒரு தடவையாவது 0.45 ஐத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். பிறகு கட்டாயச் சோதனை. ஏர் ஃபில்டர் வாயில் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடித்தால் வோல்ட் சட்டென்று 0.8 க்கு மேல் போக வேண்டும். வேக்குவம் ஹோஸ் ஒன்றைப் பிடுங்கினால் 0.2 க்குக் கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் உடனே ஓடுகிற சென்சார் நல்ல சென்சார். கோட் எதைச் சொன்னாலும் சரி. 0.6 வரைக்கும் ஏறி மூச்சு வாங்குவது அல்லது ஏறுவதற்கே ஒரு நொடி எடுப்பது கிழடு தட்டியதற்கு அடையாளம். 0.45 இல் ஆணி அடித்தாற்போல் நின்றால் பல கார்களில் அது சென்சாரின் குரலே அல்ல. கம்ப்யூட்டர் தானே அனுப்பும் வோல்ட் அது. வயர் அறுந்திருக்கும் அல்லது சென்சார் சூடாகவே இல்லை.

இதற்கு எந்தக் கருவி? ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் மலிவான ப்ளூடூத் அடாப்டர் போனில் கிராஃப் காட்டும். ட்ரிம் பார்க்க அது தாராளம். ஆனால் நொடிக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் காட்டும் என்றால், மந்தமாக இருப்பது சென்சாரா அடாப்டரா என்று தெரியாது. மல்டிமீட்டரும் வேகமாக ஆடும் வோல்ட்டைச் சராசரியாக்கி ஏமாற்றும். மந்தமா இல்லையா என்று வழக்காட ஆஸிலோஸ்கோப் வேண்டும். பேட்டரியில் ஓடும் கைக்கடக்கமான ஸ்கோப் இப்போது எட்டும் விலைக்கே வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: புதிய கார்கள் பலவற்றில் முன் சென்சார் வைட்பேண்ட் ரகம். அதில் 0.1, 0.9 என்ற கணக்கே செல்லாது. அது மின்னோட்டத்தால் பேசுவது. ஸ்கேனரில் லாம்டா மதிப்பாகத்தான், அதாவது சரியான கலவையை 1 என்று வைத்த அளவாகத்தான், படிக்க வேண்டும். இன்ஜின் சீராக ஓடும்போது அந்த மதிப்பு 1 ஐ ஒட்டி நிற்கும். ஆடாமல் நிற்கிறதே என்று கழற்றிவிடாதீர்கள்.

ஹீட்டர் விஷயம் சுருக்கமானது. நான்கு வயர் சென்சாரில் ஒரே நிறமுள்ள இரண்டு வயர்கள் ஹீட்டருடையவை. ஆறிய நிலையில் கப்ளரைக் கழற்றி அவற்றுக்கிடையே ஓம் பார்த்தால் சாதாரண ரகங்களில் பெரும்பாலும் 5 முதல் 15 வரை காட்டும். முடிவிலி என்றால் ஹீட்டர் அறுந்தது, சென்சார் மாற்ற வேண்டியதுதான். ஓம் சரியாக இருந்தால் இன்ஜின் ஓடும்போது வண்டிப் பக்கத்துக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் கிடைக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பியூஸ்.

தென் சென்னைப் புறநகருக்கென்றே சில காரணங்கள் இருக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நின்ற கார்களும் தண்ணீரில் மூழ்கின. சூடான சென்சாரில் தண்ணீர் பட்டால் பீங்கான் விரிசல் விடும். அதைவிடச் சூட்சுமமான கேடு ஒன்று உண்டு. உள்பக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்றைப் பல சென்சார்கள் தங்கள் வயரின் உறைக்குள் உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. கப்ளர் சேற்றுத் தண்ணீரில் ஊறினால், அல்லது காய வைக்கிறேன் என்று அதில் ஆயில் ஸ்ப்ரே அடித்தால், அந்த ஈரமும் ஆவியும் மேலே ஏறி உள்காற்றைக் கெடுக்கும். வோல்ட் மொத்தமாகக் கீழே இறங்கும். சென்சார் எப்போதும் லீன் என்று புலம்பும். கோட் வர மாதங்கள்கூட ஆகலாம். அதற்குள் மைலேஜ் போய்விடும். வெள்ளத்தில் நின்ற செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் சீட்டுக்கு அடியில் துரு தேடுகிறார்கள். ஓ2 கப்ளரையும் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

அப்புறம் எலி. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் இரண்டு நாள் சும்மா நிற்கிற காருக்குள் அது குடித்தனம் வந்துவிடுகிறது. இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் போகும் வயர்களை அது விடுவதில்லை. எலி கடித்தது வண்டிப் பக்கத்து வயர் என்றால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. சென்சார் பக்கத்து வயரில் கடித்த இடத்தைச் சால்டர் வைத்து ஒட்டுவதும் அரைகுறை வேலைதான். சிக்னல் வயரில் உள்ள காற்றுவழி சால்டரால் அடைபடும் என்பதால், ஒட்டுவதாக இருந்தால் கப்ளருக்கு அப்பால் வண்டிப் பக்கத்து வயரில் மட்டும் ஒட்டலாம்.

மூன்றாவது காரணம் ஷெட்டிலேயே பிறக்கிறது. வால்வ் கவர், ஆயில் சம்ப் எதைத் திறந்தாலும் கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிகோன் பேஸ்டை வழிய வழியத் தடவும் பழக்கம். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிடாத சிலிகோன் காயும்போது வரும் ஆவி இன்ஜினுக்குள் போய் எரிந்து சென்சார் முனையில் மணலாகப் படியும். கழற்றிய சென்சாரின் முனை வெள்ளைப் பொடி பூசியது போல இருந்தால் அதுதான். கருமையாகப் புகை படிந்திருந்தால் வண்டி ரிச்சாக ஓடியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. முனையைப் படிக்காமல் குப்பையில் போடுவது, புதுச் சென்சாருக்கும் அதே கதியைத் தேடித் தருவது.

பின் சென்சார் பற்றி ஒரு பத்தி போதும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது அதைக் கண்காணிக்கத்தான். அது 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். முன் சென்சாரைப் போலவே அதுவும் ஆடினால் கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது. மைலேஜ் குறைந்தது என்று சொல்லிப் பின் சென்சாரை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். பி0420 வராமல் இருக்கப் பின் சென்சாரை ஒரு குழாய்த்துண்டு வைத்து உயர்த்திப் பொருத்தும் வித்தையும் நடக்கிறது. அது விளக்கை அணைக்கும், புகையை அல்ல.

யாரும் பயன்படுத்தாத ஒரு கருவி நம் பக்கத்துப் பெட்ரோல் பங்கிலேயே இருக்கிறது: பி.யூ.சி. மையத்தின் புகை அளவி. பாரத் ஸ்டேஜ் 4, 6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், 2,500 ஆர்.பி.எம்.மில் 0.2 சதவீதத்துக்குள், லாம்டா 1 இலிருந்து 0.03 க்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த லாம்டா நான்கு வாயுக்களின் அளவிலிருந்து கணக்கிடப்படுவது. காரின் சென்சாரை அது நம்பியிருக்கவில்லை. கன்வெர்ட்டர் வாயுக்களை மாற்றினாலும் மொத்தக் கணக்கு மாறாது என்பதால் வால் குழாயில் வைத்து அளந்தாலும் செல்லும். புகைக் கசிவும் மிஸ்ஸிங்கும் இல்லை என்று உறுதியான வண்டியில் ட்ரிம் ப்ளஸ் இருபது காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.யூ.சி. சீட்டில் லாம்டா 1.00 என்றால் சென்சார் நேர்மையானது. எங்கோ காற்று நுழைகிறது அல்லது பெட்ரோல் போதவில்லை, கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறது. லாம்டா 0.9 என்று இறங்கி மோனாக்சைடு ஏறியிருந்தால் சென்சார் லீன் என்று பொய் சொல்லி வண்டிக்குப் பெட்ரோலை ஊற்ற வைத்திருக்கிறது. கட்டாயச் சோதனைக்கு இதைவிடத் தெளிவான துணைச்சான்று கிடைக்காது. ஐடில் அளவோடு முடித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் இடங்களில் 2,500 சோதனையைக் கேட்டு வாங்குங்கள். நான் பார்த்தவரை, கேட்டால் செய்கிறார்கள்.

மாற்றுவது என்று முடிவான பிறகு புதுப்பேட்டையில் பழைய சென்சார் வாங்குவது வீண். அதன் எஞ்சிய ஆயுளை யாராலும் சொல்ல முடியாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக வாங்கினால் வண்டிக் கம்பெனியின் பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வாங்கினால் ஹீட்டர் ஓம் மாறி பி0135 புதிதாக முளைக்கும். பழையதைக் கழற்ற இன்ஜின் இளஞ்சூட்டில் இருப்பது நல்லது. 22 மில்லிமீட்டர் பிளவுச் சாக்கெட் இல்லாமல் ஓப்பன் ஸ்பேனரால் முறுக்கினால் அறுகோணத் தலை மழுங்கிவிடும். புதியதன் மரையில் ஏற்கெனவே பசை தடவியிருக்கும், மேற்கொண்டு தடவினால் முனையில் படாமல் பார்க்க வேண்டும். கப்ளருக்குள் கிரீஸ் கூடாது.

கோடை அழித்ததும் கம்ப்யூட்டரின் சுயசோதனைகளும் பூஜ்யமாகிவிடும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒரே சீராக ஓட்டிப் போய், இன்ஜினை நன்றாக ஆறவிட்டு மறுநாள் காலை ஒருமுறை ஸ்டார்ட் செய்த பிறகு ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். பெண்டிங் கோட் இல்லை, ஓ2 சோதனை முடிந்தது என்று காட்டுகிறது, நீண்டகால ட்ரிம்மும் ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது என்றால் பணம் கொடுக்கலாம்.